வியாழக்கிழமைக்குள் உன் பட்டியல் வரட்டும்

கேன்டன், மிச்சிகன்
19-4-2025

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். வருகிற வியாழக்கிழமை இரவு கிரீன் பேயில், அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் தொடங்குகிறது. நம் டெட்ராய்ட் லயன்ஸ் யாரை எடுக்க வேண்டும் என்ற உன் பட்டியல் இன்னும் எனக்கு வந்து சேரவில்லை. தமிழ்ப் புத்தாண்டுக்குள் அனுப்பிவிடுவது உன் வழக்கம் என்பதால் திங்கட்கிழமை போனிலேயே கேட்கலாம் என்றிருந்தேன். நீ ஏதோ அவசரத்தில் இருந்தாய். வழக்கம்போல் தாளில் எழுதி அஞ்சலில் சேர்க்கத்தான் எனக்கு விருப்பம். ஆனால் பொங்கலுக்கு அம்மா அனுப்பிய முறுக்குப் பார்சல், முகவரியில் ஆள் இல்லை என்ற ஒட்டுத்தாளோடு திரும்பி வந்துவிட்டது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, பார்சல்காரர்கள் வீடு மாறிப் போவதும் உண்டுதான். ஆகவே இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

இந்த ஆண்டு ஊர் முழுவதும் ஒரே பேச்சு. தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுகிறவர்களும், தெருமுனையில் காரைத் துடைத்துக்கொண்டே என்னை நிறுத்திவைத்துப் பேசுகிறவரும், தொழிற்சாலைப் பழைய நண்பர்களும், 28ஆவது பிக்கில், அதாவது 28ஆவதாக ஆள் எடுக்கும் முறையில், லயன்ஸ் ஓரத்திலிருந்து பாய்ந்து பந்தை எறிகிறவனைப் பிடிக்கும் ஓர் எட்ஜ் ரஷரைத்தான் எடுக்கும் என்று அடித்துச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் ஏய்டன் ஹட்சின்சன் நிற்கிறான், மறுபக்கத்துக்கு ஆள் போதவில்லை, ஸடேரியஸ் ஸ்மித்தையும் மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள், ஆதலால் கல்லூரி ஆட்டக்காரர்களில் பாஸ்டன் காலேஜ் எஸராக்குவோ மார்ஷல் மைக் கிரீனோ டென்னசி ஜேம்ஸ் பியர்ஸோ வந்தே தீர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பெரிய பிழை இல்லை. ஆனால் அது பிடித்த பெயர்களில் தொடங்கி, பிறகு அதற்கேற்ற குறையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கணக்கு. நீ சிறுமியாக இருந்த காலத்திலிருந்து நான் சொல்லிவருவதையே மறுபடியும் சொல்கிறேன்: பெயரை முதலில் எழுதாதே, குறையை முதலில் எழுது.

குறையிலும் எல்லாம் ஒரே வகை அல்ல. கடைசி ஆட்டத்தில் யார் ஓட்டையாக நின்றான் என்பதை வைத்து வழிப்போக்கன்கூட ஒரு குறையைச் சொல்லிவிடுவான். ஒப்பந்தம் முடிகிற ஆண்டைப் பார்த்தால்தான் தெரிகிற குறை வேறு. அதை உள்ளே இருப்பவர்கள் ஓராண்டுக்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள், நாம் அதைச் செய்தியாகப் படிக்கும்போது அவர்கள் அதற்கு ஆளே எடுத்து முடித்திருப்பார்கள். இப்போது பந்துக்கு நேரே நிற்கும் நம் நடு வரிசையை எடுத்துக்கொள். அலிம் மக்நீலின் முழங்கால் டிசம்பரில் போயிற்று. தசைநார் கிழிந்தவன் செப்டம்பரில் வந்து நிற்பான் என்று யாராலும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. டி. ஜே. ரீடருக்கு முப்பது கடந்துவிட்டது, ஒப்பந்தமும் இந்தப் பருவத்தோடு முடிகிறது. தாக்கும் வரிசையில் கெவின் ஸைட்லர் டென்னசி டைட்டன்ஸ் அணிக்குப் போய்விட்டார். எட்ஜ் பக்கமோ டேவன்போர்ட்டை மறுபடியும் ஒப்பந்தம் செய்து ஒருவகையாக அடைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் ஓரத்தைப் பார்க்கிறது. உண்மையான ஓட்டை நடுவில் இருக்கிறது என்பது என் கருத்து.

உன் அம்மா கேட்கிறாள், இவ்வளவு பேர் ஆண்டு முழுவதும் இதே வேலையாக உட்கார்ந்து கணித்தும் ஏன் தவறிப்போகிறது என்று. அவளிடமே பதிலை எடுத்துக் காட்டினேன். கத்தரிக்காய் என்று பட்டியலில் எழுதிக்கொண்டு கடைக்குப் போகிறவள், அங்கே கத்தரிக்காய் வாடியிருந்து முருங்கைக்காய் பச்சைப்பசேலென்று இருந்தால் முருங்கைக்காயைத்தான் வாங்கி வருகிறாள். நம் அணியின் மேலாளர் பிராட் ஹோம்ஸும் அப்படிப்பட்டவர்தான், குறையை எழுதிவைத்துக்கொண்டு, இருப்பவர்களில் சிறந்தவனை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். 2023ஐ நினைத்துப் பார். பந்து பிடிக்க ஓடுகிறவனைத் தடுக்கும் கார்னர்பேக் வேண்டும், நடு வரிசைக்கு டாக்கிள் வேண்டும் என்று எல்லாப் பட்டியல்களும் சொல்லின. அவர் 6ஆவது பிக்கை அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டு 12க்கு இறங்கி, பந்தோடு ஓடும் ஜாமிர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தார். 18இல் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஜாக் கேம்பெல் என்ற லைன்பேக்கரை எடுத்தார். முதல் சுற்றில் எடுக்கக் கூடாத இரண்டு இடங்கள் என்று அறிஞர்கள் அன்றிரவு தலையில் அடித்துக்கொண்டார்கள். நீ மட்டும் எனக்கு அனுப்பிய செய்தியில், அரிசோனாவோடு செய்த மாற்றில் 34ஆவது பிக்கும் கையில் வந்திருப்பதைப் பாருங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். மறுநாள் அந்த 34இல் சாம் லபோர்ட்டா வந்தான். அறிமுக ஆண்டிலேயே 86 கேட்ச் பிடித்து, வரிசை ஓரத்தில் நின்று பந்தும் பிடிக்கும் டைட் எண்டுகளில் அறிமுக ஆட்டக்காரருக்கான புதுச் சாதனை படைத்தான். கிப்ஸ் சென்ற பருவத்தில் 20 டச்டவுன் போட்டான். 45இல் வந்த பிரையன் பிராஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தச் செய்தியை இன்னும் போனில் வைத்திருக்கிறேன், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன் என்று அம்மா என்னைக் கிண்டல் செய்வாள்.

கிண்டல் செய்தால் செய்யட்டும், எனக்குப் பெருமைதான். 2003இல் சார்லஸ் ராஜர்ஸ், 2004இல் ராய் வில்லியம்ஸ், 2005இல் மைக் வில்லியம்ஸ் என்று தொடர்ந்து மூன்றாண்டு முதல் சுற்றில் பந்து பிடிக்கும் ரிசீவராகவே எடுத்துத் தள்ளினார்களே, அந்த மூன்றாவது ஆண்டில் நீ கட்டம் போட்ட தாளில் பென்சிலால் "பந்தை எறிகிறவனை ஓடிப் பிடிக்க நமக்கு ஆள் இல்லை" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாய். பெயர் எதுவும் எழுதவில்லை, குறையை மட்டும் எழுதியிருந்தாய். லயன்ஸ் 10ஆவது பிக்கில் மைக் வில்லியம்ஸை எடுத்தது. அடுத்த பிக்கிலேயே டாலஸ், டிமார்க்கஸ் வேரை எடுத்துக்கொண்டு போயிற்று. அந்த வேர் 2023இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். இடையில் 2008இல் நாம் பதினாறு ஆட்டங்களில் ஒன்றையும் வெல்லாமல் பருவத்தை முடித்தோம். பள்ளிக்கூடத்துச் சிறுமிக்குத் தெரிந்தது, கோட்டு போட்டுக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை. இவ்வளவு கூர்மையான பெண் இந்த ஆண்டு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தால் எனக்கு வருத்தமாக இருக்காதா? வேலை அதிகம் என்கிறாய். பந்தை எறியும் நம் குவாட்டர்பேக் ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு அனுப்பிய 2021ஆம் ஆண்டிலும் உனக்கு வேலை அதிகமாகத்தான் இருந்தது. அப்போது நீ வரைந்து அனுப்பிய கிளைப்படத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு கிளை சேர்த்தாய்: பதிலுக்கு குவாட்டர்பேக் காஃப் வந்தார், மூன்றாம் சுற்று பிக் மெலிஃபான்வு ஆயிற்று, ராம்ஸ் கோப்பையை வென்றதால் 32ஆகக் கிடைத்த 2022 பிக்கை வைத்து ஜேம்சன் வில்லியம்ஸுக்காக மேலே ஏறினார்கள், மறு ஆண்டு ராம்ஸ் சரிந்ததால் 6ஆகக் கிடைத்த பிக், கிப்ஸாகவும் லபோர்ட்டாவாகவும் பிரிந்தது. அந்தப் படத்தை அச்சிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறோம். 2024க்குப் பிறகு அதில் ஒன்றும் சேரவில்லை.

ஏப்ரல் மாதத்தில் எந்த மேலாளர் பேச்சையும் நம்பாதே என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. விரும்புகிறவனைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள்; எடுக்கப்போகாதவனை வரவழைத்து விருந்து வைத்து, அது செய்தியாகும்படி பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, நாளைக்கே ஆடச் சொன்னால் ஆடுவோம் என்று ஒவ்வோர் அணியும் சொல்லும். ஆட்டப் பருவத்தில் அப்படி மறைக்க முடியாது. புதன், வியாழன், வெள்ளி என்று யாருக்கு எந்த இடத்தில் காயம், யார் பயிற்சிக்கு வந்தார், யார் வரவில்லை என்று அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்பது லீகின் விதி. நல்ல விதி. சென்ற அக்டோபர் 13 அன்று டாலஸில் ஹட்சின்சனின் கால் எலும்பு முறிந்தது நாம் 47-9 என்று வென்ற ஆட்டத்தில். வென்ற ஆட்டம் என்பதற்காக முறிவை யாரும் மூடி வைக்கவில்லை. அன்றிரவே அறுவைச் சிகிச்சை நடந்தது, நவம்பர் தொடக்கத்தில் கிளீவ்லாந்திடமிருந்து ஸ்மித்தை டிரேடில் கொண்டுவந்தார்கள். எந்த இடத்தில் அடி என்று தெரிந்ததால்தான் அதற்கான ஆளைத் தேட முடிந்தது. 15 ஆட்டம் வென்று, 2 மட்டும் தோற்ற பருவத்தின் முடிவில் வாஷிங்டனிடம் 45-31 என்று நாம் தோற்றதற்கும் காயப் பட்டியல்தான் காரணம் என்பேன். நம் ஆட்கள் பந்தைப் பறிகொடுத்ததுதான் காரணம் என்பாள் அம்மா. இருவரும் சொல்வது சரிதான்.

சென்ற ஆண்டு டெட்ராய்டிலேயே டிராஃப்ட் நடந்தபோது கேம்பஸ் மார்ஷியஸில் கூட்டத்துக்குள் நாம் நால்வரும் நின்றதை அம்மா நேற்றும் பேசினாள். மூன்று நாளில் 7,75,000 பேருக்கு மேல் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். 29இலிருந்து 24க்கு ஏறி டெரியன் ஆர்னால்டை எடுத்த அந்த நிமிடத்தில் மாப்பிள்ளை யாரோ ஒரு முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அவர் பட்டியலில் பெயர்கள் மட்டுமே இருந்தன. குறையை எழுதுங்கள் என்று அப்போதே அவரிடமும் சொன்னேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இன்னொரு விஷயம், இதை நீ கவனிப்பதில்லை. ஏப்ரலில் ஓர் அணியில் 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். 53ஆகக் குறைப்பது ஆகஸ்டு கடைசியில்தான். ஆகவே இப்போதே ஒவ்வோர் இடமும் முடிவாகிவிட வேண்டும் என்று பதற வேண்டியதில்லை. இரண்டு பருவம் வேறோர் ஊரில் ஆடிவிட்டுப் பழைய அணிக்கே திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் யாரும் குறைவாக நினைப்பதில்லை. மாடியறையிலிருந்து அம்மா தையல் இயந்திரத்தைக் கீழே இறக்கிவிட்டாள், அங்கே வெளிச்சம் போதவில்லையாம்.

என் பட்டியல் இதுதான், பார்த்துத் திட்டு. 28இல் ஒஹாயோ ஸ்டேட்டின் டானவன் ஜாக்சன், தாக்கும் வரிசையின் நடுவில் நிற்கும் கார்ட். அதுவரை நிற்பானா என்பதுதான் கேள்வி, நமக்கு முன்னே எடுக்கும் மினசோட்டா வைக்கிங்ஸுக்கும் அதே தேவை இருக்கிறது. நார்த் டகோட்டா ஸ்டேட்டின் கிரே ஸேபல் இன்னும் பொருத்தம், ஆனால் அவனை உன் ஊர் சியாட்டல் 18இலேயே எடுத்துவிடும் போலிருக்கிறது; புதிதாக வந்திருக்கும் குவாட்டர்பேக் டார்னால்டை யாராவது காப்பாற்ற வேண்டுமே. இருவரும் போய்விட்டால், நடு வரிசைக்கு ஒரு டாக்கிள். ஆரெகனின் டெரிக் ஹார்மன் முன்பு நம் மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடியவன் என்பதால் எனக்கு ஆசை இருக்கிறது, அவ்வளவு தூரம் இறங்கமாட்டான் என்றும் தெரிகிறது. 60இல் எட்ஜ். அதன்பின் 102 வரை நமக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் நம் சொந்த மூன்றாம் சுற்று பிக்கைச் சென்ற ஆண்டே மானு என்ற ஆட்டக்காரனை எடுப்பதற்காக நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்துவிட்டோம். நம் தடுப்புப் பயிற்சியாளராக இருந்த ஏரன் க்ளென்னை அதே ஜெட்ஸ் தலைமைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டதற்கு ஈடாக லீக் கொடுத்ததுதான் இந்த 102. அதில் ஒரு ரிசீவரை எழுதியிருக்கிறேன், நம் பழைய காயம் இன்னும் ஆறாத நிலையிலும்.

இங்கே எட்டு மணிக்குத் தொடக்கம், உனக்கு மாலை ஐந்து. ஒரு பிக்குக்குப் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்வார்கள் என்பதால் 28 வருவதற்கு இங்கே நள்ளிரவை நெருங்கிவிடும். நாங்கள் விழித்துத்தான் இருப்போம், நீ எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்போம். பெயர்கள் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். குறைகளை மட்டும், எந்த வரிசையில் தோன்றுகிறதோ அந்த வரிசையில் எழுதி அனுப்பு. அதற்கு என்ன செய்யலாம் என்று நானும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மாப்பிள்ளையின் பட்டியல் இந்த ஆண்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உன்னுடையது மட்டும் வந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா