மணலிலும் சேற்றிலும் உடனிருந்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே,

பெயர் சொல்லி எழுதினால் யாராவது விடுபட்டுப்போவார்கள், அப்புறம் சங்கடம். அதனால் நம் கடற்கரையில் பழைய செடிகொடிகளை மீட்க நீங்கள் செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறேன், அதில் நீங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி சீமைக்கருவேலம் பிடுங்கியவர்களுக்கு. நாற்று நடும் நாளில் கூட்டத்துக்கு எப்போதும் குறைவிருக்காது, படம் எடுக்கவும் ஆள் இருக்கும். இந்த மரத்தை மேலோடு வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்து வரும் என்பதால், கடப்பாரை போட்டு வேரோடு கிளப்ப வேண்டியிருந்ததே, அந்த நாட்களுக்கும் சலிக்காமல் வந்தீர்கள். கையுறையைத் தாண்டி முள் ஏறியவர்கள் உண்டு. பெரிய மனசு.

கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடிக்குள் சிக்கிக் கிடந்த நைலான் நரம்பு மீன்வலைத் துண்டுகளைக் கொடி அறுந்துவிடாமல் பொறுமையாகக் கத்தரித்து எடுத்த கல்லூரிப் பிள்ளைகளே, உங்களுக்கும் நன்றி. அந்தக் கொடி கணுவுக்குக் கணு வேர்விட்டுத்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அவசரத்தில் வலையோடு சேர்த்து இழுத்திருந்தால் மணலும் கிளம்பியிருக்கும்.

ராவணன் மீசை என்னும் மணல்மேட்டுப் புல்லின் விதைக்கு நன்றி சொல்ல வேண்டியது குட்டிப் பசங்களுக்கு. அந்தப் புல்லில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. பெண் செடியின் முள்ளுருண்டை காய்ந்து உதிர்ந்ததும் காற்றில் உருண்டு ஓடிக்கொண்டே விதையைச் சிந்தும். ஓடியதைத் துரத்திப் பிடித்துச் சாக்கு சாக்காகக் கொண்டுவந்தது அவர்கள்தான். பெரியவர்களுக்கு அந்தக் காற்றில் மூச்சு வாங்கியது, உண்மையைச் சொல்ல வேண்டுமே.

நாற்றங்காலைப் பார்த்துக்கொண்ட அக்காக்களைப் பற்றி நிறைய சொல்லலாம். புன்னைக்கொட்டையின் ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் விதைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்று காட்டித் தந்தது அவர்கள். தினமும் தண்ணீர் ஊற்றியதும் அவர்கள்.

சேற்றுப் பக்கம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களின் நாற்றுகளை எங்கே நடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது, மீன்பிடித்தே வாழ்ந்த ஒரு பெரியவர், நடவே வேண்டாம், தூர்ந்துபோன வாய்க்காலைத் திறந்து தண்ணீர் ஏறி இறங்க வழி செய்தால் போதும் என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. எந்நேரமும் மூழ்கிக் கிடக்கும் சேற்றில் நட்ட நாற்று அழுகும், இல்லாவிட்டால் தண்டில் கொட்டலசு என்னும் ஓட்டுடலிகள் அப்பிக்கொண்டு பாரத்தில் சாய்ந்துவிடும். கடல் நீரின் ஏற்ற வற்றம் ஒழுங்காக இருந்தால் விதை தண்ணீரிலேயே மிதந்து வந்து தனக்கேற்ற இடத்தில் ஊன்றிக்கொள்ளும். இடுப்பளவு சேற்றில் நின்று வாய்க்கால் தோண்டினீர்கள், இத்தனை கன்று நட்டோம் என்று சொல்லிக்கொள்ள உங்களிடம் எந்தக் கணக்கும் கிடையாது. இப்போது வெண்கண்டல் என்னும் அலையாத்தி வகையின் கன்றுகள் தானாகவே வந்து நிற்கின்றன. அதற்காகத்தான் உங்களுக்குத் தனி வணக்கம்.

சவுக்கு வைத்தால் சீக்கிரம் பச்சையாகிவிடும் என்று ஆர்வமாக உதவ முன்வந்தவர்களும் இருந்தார்கள். காற்றைத் தடுக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் அலை தொடும் தூரத்தில் அதை அடர்த்தியாக வைத்தால் சருகு மூடி அடியில் வேறெதுவும் தலை தூக்காது, ஆமை முட்டையிடத் திறந்த மணலும் மிஞ்சாது. வேண்டாம் என்றதும் முகம் சுளிக்காமல் களை எடுக்க வந்துவிட்டீர்கள் பாருங்கள், அதற்கும் சேர்த்து நன்றி.

கடைசியாக ஒன்று. நாற்றங்கால் கொட்டகையில் யாரோ விட்டுப்போன மண்வெட்டியும் குடையும் அப்படியே இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது கையுறையும் கொண்டுவாருங்கள், தெற்கு ஓரத்தில் சீமைக்கருவேலம் இன்னும் மிச்சம் இருக்கிறது.