மாற்றி நட்ட அன்றே தண்ணீர் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில், தொங்கும் சதைப்பற்றுச் செடிகளைத் தொட்டி மாற்றுவது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். நல்ல பெரிய தொட்டியாகப் பாருங்கள், அடியில் ஜல்லி பரப்புங்கள், நட்ட கையோடு நிறையத் தண்ணீர் விடுங்கள் என்று அதில் மூன்று யோசனைகள் இருந்தன. கடைசி யோசனை ரோஜாவுக்கும் கத்தரிக்கும் பொருந்தும். தொங்கும் சதைப்பற்றுச் செடிகளான டாங்கி டெயில், மணிமணியான இலைகள் கொண்ட ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் ஆகிய இரண்டையும் இந்த மூன்றும் சேர்ந்து அழுகவைத்துவிடும். ஆசையாக வளர்த்த செடி தொட்டி மாற்றிய சில வாரங்களில் கூழாகிப் போவதைப் பார்த்து, தமக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். கைராசிக்கு இதில் வேலையே இல்லை. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். தாய்மண் கலையாமல் எவ்வளவு பதமாக எடுத்தாலும் மெல்லிய வேர்கள் சில அறுபடத்தான் செய்யும். அறுபட்ட இடம் காய்ந்து ஆறுவதற்குள் ஈரம் சேர்ந்தால், மண்ணில் இருக்கும் அழுகல் பூஞ்சைகள் அந்த வழியாகவே உள்ளே போகும். சாதாரணச் செடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருப்பதால் உடனே ஊற்றாவிட்டால் தலை சாய்ந்துவிடும். சதைப்பற்றுச் செடிக்கு அந்த அவசரம் கிடையாது, பல நாளுக்குத் தேவையான நீர் அதன் இலையிலேயே இருக்கிறது. வேரும் மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டைக் கலைக்காமல் அப்படியே இறக்கி வைத்திருந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து முதல் தண்ணீர் விடலாம். பழைய மண்ணை உதறியோ, கெட்ட வேரை வெட்டியோ நட்டிருந்தால் ஐந்து முதல் ஏழு நாள் பொறுக்க வேண்டும். நடுகிற மண்கலவையும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் கலவையில் நட்டுவிட்டு ஒரு வாரம் தண்ணீர் விடாமல் இருந்து பயனில்லை.

அடுத்தது தொட்டி. டாங்கி டெயில் மெக்சிகோவில் பாறைச் சரிவுகளில் தொங்கி வளரும் செடி. செடம் மோர்கானியானம் என்ற பெயரில் 1938இல் தாவரவியலில் பதிவானது. ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸுக்குத் தாயகம் தென்னாப்பிரிக்கா. அங்கே அது தொங்குவதில்லை. புதர்களின் அரைநிழலில் தரையோடு படர்ந்து, கணு மண்ணைத் தொடும் இடங்களில் வேர்விட்டுக்கொண்டே போகிறது. (1968இல் செனிசியோ ரௌலியானஸ் என்று பெயரிடப்பட்டது, இப்போது கியூரியோ ரௌலியானஸ் என்கிறார்கள். தொட்டியில் எந்தச் சீட்டு இருந்தாலும் செடி ஒன்றுதான்.) இரண்டுக்கும் வேர் மேலோட்டமாகவே ஓடும். ஆகவே பழைய தொட்டியைவிட வாய் 2 முதல் 3 செ.மீ. அகலம் கூடினால் போதும். ஆழம் 10 முதல் 12 செ.மீ. தாராளம். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நிறைய இருக்கும். அந்த மண்ணின் ஈரத்தை இழுக்க வேர் இல்லாததால் அது நாள்கணக்கில் நசநசத்துக் கிடந்து, பக்கத்தில் இருக்கும் வேரையும் காற்றில்லாமல் திணறவைக்கும். அடிக்கடி தண்ணீர் விட்டே பழகிய கைக்குச் சுடுமண் தொட்டிதான் பாதுகாப்பு, ஏனென்றால் அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். தொங்கவிடும் பிளாஸ்டிக் தொட்டிகள் பலவற்றில் அடித்தட்டு சேர்ந்தே வரும். அதைக் கழற்றிவிடுங்கள், வடிந்த நீர் அதில்தான் தேங்கி நிற்கிறது.

ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது, ஆனால் நடப்பது நேர்மாறு. சிறிய இடைவெளிகள் கொண்ட மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது; மேலே உள்ள மண் ஊறி நிறைந்த பிறகே சொட்டத் தொடங்கும். எந்தத் தொட்டியிலும் வடிந்து முடிந்த பிறகு அடிமண்ணில் ஒரு ஈரப்பட்டை எஞ்சி நிற்கும். ஜல்லி அந்தப் பட்டையைப் போக்குவதில்லை, மேலே தூக்கி வேருக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. துளை வழியாக மண் கொட்டாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.

வடிகால் என்பது கலவையில்தான் இருக்கிறது. பாதிக்குக் குறையாமல் பெர்லைட், பியூமிஸ் (இரண்டும் எடை குறைந்த, துளைகள் நிறைந்த எரிமலைக்கல் வகைகள்), அல்லது 2 முதல் 4 மி.மீ. பருமனுள்ள கழுவிய பருமணல் இருக்க வேண்டும். மீதியில் ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), ஒரு பங்கு நன்றாக மட்கிய இலைமட்கு. சன்னமான மணல் வேண்டாம், அது இடைவெளிகளை அடைத்துச் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கடல் மணலில் உப்பு இருக்கும். கோகோபீட்டிலும் உப்பு தங்கியிருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து காயவைத்துச் சேருங்கள். எருவை அள்ளிப் போட்டால் தண்டு வேகமாக நீளும், ஆனால் இலைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து, எடை தாங்காத மெலிந்த கொடியாகிவிடும்.

தொட்டி மாற்றச் சரியான காலம், செடி புதுத்துளிர் விடத் தொடங்கும் பருவம். கடும் வெயில், அடைமழை, பூத்திருக்கும் சமயம் மூன்றும் வேண்டாம். நாள் குறித்த பிறகு ஏழெட்டு நாள் முன்பாகவே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். டாங்கி டெயிலுக்கு இது மிக முக்கியம். நீர் நிறைந்து விறைத்திருக்கும் இலை விரல் பட்டாலே உதிரும், சற்றுத் தளர்ந்த இலை தண்டோடு நிற்கும். பிறகு கொடிகளை இரண்டு மூன்று கற்றைகளாகப் பிரித்து, மெல்லிய துணியிலோ செய்தித்தாளிலோ தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். தொட்டியைச் சாய்த்து, பக்கங்களை அமுக்கிக்கொடுத்து, வடிகால் துளை வழியாக ஒரு குச்சியால் தள்ளினால் வேர்க்கட்டு முழுதாக வெளியே வரும். தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. சுடுமண் தொட்டியில் வேர் ஒட்டிக்கொண்டிருந்தால் மெல்லிய கத்தியை உள்சுவரோடு ஒரு சுற்று விடுங்கள். பிளாஸ்டிக் என்றால் தொட்டியை வெட்டிவிடலாம், அதற்குத் தயங்கிக் கொடிகளை இழக்க வேண்டாம்.

வெளியே எடுத்ததும் வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, உறுதியாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பாகிப் பிசுபிசுக்கும். இழுத்தால் மேல்தோல் உறைபோல உருவி வரும். வேரிடையே வெள்ளைப் பஞ்சாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. அப்போது மட்டும் மண்ணை முழுக்கக் கழுவி நீக்கி, வேரை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி நட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அடிப்பகுதியை விரலால் லேசாக நெகிழ்த்திவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடும் உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தாலும். கொடிகள் மண்ணிலிருந்து கிளம்பும் தலைப்பகுதி தொட்டிக்குள் பள்ளமாக இறங்கி இருந்தால் அங்கே காற்று ஓடாது, வெளிச்சம் விழாது, ஈரம் காயாது. மண்மட்டம் விளிம்பிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் தாழ வேண்டாம். அப்படி வைத்தால் கொடிகளும் விளிம்பில் மடங்காமல் இயல்பாக வழிந்து தொங்கும். மண்ணைக் கையால் அழுத்தாமல், தொட்டியை இரண்டு தட்டு தட்டினால் கலவை தானாக அமரும். டாங்கி டெயிலின் நீண்ட கொடிகள் தம் எடையாலேயே வேரைக் கிளப்பிவிடக்கூடும். கம்பியை யு வடிவில் வளைத்து, தண்டின் அடியை மண்ணோடு பிடித்து வையுங்கள். வேர் பிடித்ததும் எடுத்துவிடலாம். இலைமேல் உள்ள சாம்பல் பூச்சை அழுக்கென்று துடைக்க வேண்டாம். அது மெழுகு. வெயிலிலிருந்து இலையைக் காப்பது அதுதான், தேய்த்த இடத்தில் தழும்பு நிற்கும்.

முதல் இரண்டு மூன்று வாரம் வெளிச்சம் நிறைய வேண்டும், நேர்வெயில் வேண்டாம். பிறகு காலை இளவெயிலுக்கு மெல்லப் பழக்குங்கள். கூரையை ஒட்டித் தொங்கவிட்டால் தொங்கும் நுனிக்கு வெளிச்சம் கிடைக்கும், தலைப்பகுதி இருட்டில் கிடக்கும். மேலே வழுக்கையாகி, கீழே மட்டும் பச்சையாக நிற்கும் கொடிகளுக்குக் காரணம் இதுவே.

முதல் தண்ணீர் விடும்போது தலையில் ஊற்றாமல் ஓரமாக, அடித்துளையில் வடியும்வரை முழுமையாக விடுங்கள். தினம் ஒரு கரண்டி தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து, வேரைக் காயவிட்டுத் தண்டை அழுகவைக்கும். அடுத்த தண்ணீர் எப்போது என்பதை நாட்காட்டி சொல்லாது. ஒரு குச்சியை அடிவரை செருகி எடுத்து, மண் ஒட்டாமல் வந்தால் விடலாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையால் அறிவதும் சில வாரங்களில் பழகிவிடும். உரம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு வேண்டாம். அதன் பிறகும் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியே போதும்.

இலை காட்டும் அறிகுறியைத் தவறாகப் படிப்பதால்தான் பிழைக்க வேண்டிய செடிகளும் போகின்றன. பேர்ல்ஸின் ஒவ்வொரு மணியிலும் கண்ணாடிபோல ஒரு கோடு உண்டு. வெளிச்சத்தை உட்புறம் அனுப்பும் சாளரம் அது. தாகம் எடுத்தால் கோடு குறுகி, மணி சுருங்கும். மணி மஞ்சள் பாய்ந்து நீர்கோத்துக் கொழகொழத்தால் தண்ணீர் மிகுதி. மணி சுருங்கியிருக்கிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் விடுவது இந்த இடத்தில்தான். அப்போது கெட்டியாக உள்ள கொடிகளை 8 முதல் 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, புதிய கலவைமேல் கிடத்தி, கணுக்கள் மண்ணைத் தொடும்படி கம்பியால் பிடித்து வைத்தால் செடியை மீட்கலாம். வழுக்கை விழுந்த தலைக்கும் இதே வைத்தியம்: நீண்ட கொடியை வெட்டாமலே மேலே சுருட்டி மண்ணில் படியவிட்டால் கணுவில் வேர் விடும். டாங்கி டெயிலில் உதிர்ந்த இலைகளை எறியாதீர்கள். முழுதாக உதிர்ந்த இலை உலர்ந்த கலவைமேல் கிடந்தே வேரும் குருத்தும் விடும். பேர்ல்ஸில் தனி மணியை நம்ப வேண்டாம், கணுவோடு கூடிய தண்டு வேண்டும்.

தங்கள் குறிப்பில் விடுபட்ட ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் நச்சுத்தன்மை உடையது. தின்றால் குழந்தைகளுக்கும் பூனை, நாய்களுக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். சாறு பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு எடுக்கும். மணிகள் பட்டாணிபோல இருப்பதால் குழந்தைகள் கை வைக்கும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொண்டு, உதிர்ந்த மணிகளைத் தரையில் விடாமல் பொறுக்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்