ஓலையிலை புள்ளி வைக்காதே

மச்சான் சிவம்,

ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்துச் சூனியக்காரக் குடும்பத்தைப் பற்றின உன்ரை நாவல் கட்டு வந்து இரண்டு மாசம். பதில் போடாதது பிழைதான், ஏசிறதெண்டால் நேரிலை வந்து ஏசு. இங்கை எல்லாரும் சுகம். உந்தச் சூனியக்காரி தன்னைப் பார்த்து எழுதினதோ எண்டு பெரியக்கா கேக்கிறா. நான் வாயே திறக்கேல்லை.

சின்னப் பிழையளை முதலிலை சொல்லிப்போட்டு விடுறன். 1707 இலை ஆச்சி தேத்தண்ணி ஊத்துறா. இலங்கையிலை தேயிலைத் தோட்டம் தொடங்கினது 1867 இலையடா! கூழைக் குடு. நாவூறு கழிக்கிற செத்தல் மிளகாய் கிடக்கட்டும், அது போர்த்துக்கேயரோடையே வந்திட்டுது. ஆனால் அடுப்பிலை போட்டவுடனை வீடே இருமுது எண்டு எழுதியிருக்கிறாய். நெடி வராட்டித்தானே நாவூறு இருந்தது எண்டு அர்த்தம்? இருமினால் ஆச்சி தோத்துப்போனா.

இனி எரிக்கிற அத்தியாயம். கோட்டைக்குள்ளை ஒல்லாந்தர் மூத்தவளை உயிரோடை கொளுத்தீனம். அதைக் கிழி. அவையின்ரை நாட்டிலையே சூனியக்காரியளைக் கொல்லுறதை விட்டு அப்ப நூறு வருசத்துக்குக் கிட்ட. ஔடேவாட்டர் எண்ட ஊரிலை தராசிலை நிறுத்து, உடம்புக்கேற்ற பாரம் இருக்கு, இவள் சூனியக்காரி இல்லை எண்டு பத்திரமே குடுத்தவங்கள். 1692 இலை சேலத்திலை (எங்கடை சேலம் இல்லை, அமெரிக்காவிலை) 19 பேரைத் தூக்கிலை போட்டவங்கள், ஒருத்தரையும் எரிக்கேல்லை.

நெருப்பு வேண்டாமடா, சீதனம் போதும். அதே 1707 இலைதான் ஒல்லாந்தரின்ரை அதிகாரி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், தேசவழமையை, அதுதான் யாழ்ப்பாணத் தமிழற்றை வழமைச் சட்டத்தை, எழுதி முடிச்சு, 12 முதலியார்மாரிட்டைக் காட்டிச் சரிபார்த்தது. தாயின்ரை சீதனம் மகள்மாருக்கு. சீதனம் வாங்கினவளுக்குப் பிறகு முதுசத்திலை (பரம்பரைச் சொத்திலை) பங்கில்லை. மந்திரமும் தாயிட்டையிருந்து மகளுக்குத்தான் போகுது எண்டு நீயே எழுதியிருக்கிறாய். பிறகேன் இரண்டையும் வேறை வேறை பெட்டியிலை பூட்டி வைச்சிருக்கிறாய்? ஒரே ஓலையிலை எழுது.

அந்த ஓலையை இறகாலை மை தொட்டு எழுதுவிக்காதே. குருத்தோலையை ஈர்க்கு வாங்கி, அவிச்சு, நிழலிலை காயவிட்டு, அழுத்தித் தேய்ச்சு, ஓரளவாய் நறுக்கவேணும். இடக்கையிலை ஓலை, வலக்கையிலை எழுத்தாணி. கீறின எழுத்துக் கண்ணுக்குச் சரியாத் தெரியாது. கரியையும் எண்ணெயையும் பூசித் துடைச்சால்தான் எழும்பும். உன்ரை காதல் கடிதத்துக்கு இதைவிட என்ன வேணும்? பூசும்வரைக்கும் அது வெறும் ஓலை.

புள்ளி வைக்கமாட்டினம், ஓலை பொத்துப்போம். குறில் எகரத்துக்கும் நெடிலுக்கும் வித்தியாசமும் இல்லை, அதைப் பிரிச்சுக் காட்டின வீரமாமுனிவர் இந்தப் பக்கம் வந்ததே அதுக்குப் பிறகு. இப்ப உன்ரை ஆச்சி "மந்திரம் கேட்டவளுக்கு வளவு" எண்டு எழுதினால் ஓலையிலை எப்பிடிக் கிடக்கும்? "மநதிரம கெடடவளுககு வளவு". மந்திரத்தைக் காதாலை கேட்டுப் படிச்ச மூத்தவள் தனக்கு எண்டுவாள். ஞானஸ்நானம் எடுத்து மந்திரம் கெட்டுப்போன இளையவளும் தனக்கு எண்டுவாள். இரண்டும் சரியான வாசிப்பு! கணக்கு மாஸ்டர் கண்டிருந்தால் துள்ளியிருப்பார்.

வாசிச்சுத் தீர்க்கிறது ஆர்? பள்ளித் தோம்பு (பள்ளிப் பதிவேடு) எழுதுற உன்ரை சட்டம்பியார், அதுதான் பள்ளி வாத்தியார். ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் பதியிறவர் அவர்தானே. அவருக்கு மூத்தவளிலை விருப்பம். அதாலை அவர் "கேட்டவள்" எண்டு வாசிச்சால் நீதியோ, காதலோ? அதோடை, அப்பிடி வாசிச்சு எழுதினால் அவள் மந்திரம் படிச்சவள் எண்டு ஒல்லாந்தக் கொம்பனி ஆட்சிக்கு அவரே எழுதிக் குடுத்த மாதிரியும் ஆகும். வளவு கிடைக்கும், ஆளுக்கு ஆபத்து. "கெட்டவள்" எண்டால் ஆள் தப்பும், வளவு தங்கச்சிக்கு. சிவம், உன்ரை 300 பக்கத்திலை இப்பிடி ஒரு இடம் இல்லையடா. கோவிக்காதே.

நாலாம் அத்தியாயத்திலை தாயும் மகளும் முற்றம் கூட்டிக்கொண்டு சண்டை பிடிக்கிறது மட்டும் ஒரு எழுத்தும் மாத்தாதே. உன்ரை நாவல் கட்டைப் பெரியக்காவிட்டைக் குடுத்துவிடுறன். அவ வழியிலை பிரிச்சு வாசிப்பா, அதுக்கு நான் பொறுப்பில்லை.

உன்ரை,
குட்டி