பெரியப்பாவின் கடலும் உன் கனவும்

முட்டம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உன் அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வர முடியவில்லையே என்று வருந்தாதே. கோவில் நிறைய ஆள். உன் தங்கை தைரியமாகத்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் முருங்கையை மட்டும் வெட்ட விடமாட்டேன் என்கிறாள், அம்மா வைத்ததாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மா போவதற்கு மூன்று நாள் முன்னால் அந்தக் கனவு வந்தது, அது உன் மனசுக்குள்ளிருந்து வந்ததில்லை, வெளியே இருந்து ஏதோ ஒன்று தட்டிச் சொன்னது என்று எழுதியிருந்தாய். ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பெரியப்பாவை நினைவிருக்கிறதா? விடியக்காலம் மூன்று மணிக்கு எழுந்து கரைக்குப் போவார். ஈர மணலில் வெறுங்காலோடு நிற்பார். சில நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், காற்று அசையாது. ஆனாலும் "இன்னைக்கு வேண்டாம்" என்று திரும்பிவிடுவார். மத்தியானத்துக்குள் கடல் ஏறி வந்து கரையில் கிடந்த வள்ளங்களைப் புரட்டிப் போடும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் "கடல் மூச்சை இழுத்து விடுது" என்பார், அவ்வளவுதான். ஊரில் பாதிப் பேர் அவருக்கு மாதா தரிசனம் இருப்பதாகவே நம்பினார்கள். நானும் நம்பினேன்.

2024 மே மாதம் கடல் நிலவரம் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிலையம் நம் கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை கொடுத்திருந்தது. லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனதே, அந்த நாட்கள். நான் நம் பாறைமேல் நின்று கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணினேன். சாதாரண நாளில் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 8, 10 விநாடி இருக்கும். அன்று 17, 18. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயல் கிளப்பிய அலை, நாட்கணக்கில் ஓடி இங்கே வந்து சேர்கிறது. இங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை, அதனால்தான் கள்ளக்கடல். நீண்ட இடைவெளி உள்ள அலை மற்றவற்றைவிட வேகமாக ஓடும், முதலில் வந்து தொடும். பெரியப்பாவின் காலுக்கு அது கேட்டிருக்கிறது, மக்கா. வெளியிலிருந்துதான் சேதி வந்தது, நீ சொல்வது சரி. ஆனால் அனுப்பியது கடல்.

இதில் என்னை உலுக்கிய இடம் வேறு. 2004 டிசம்பர் 26. அன்றைக்கும் பெரியப்பா மூன்று மணிக்குக் கரைக்குப் போனார், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து பூசைக்குக் கிளம்பினார். சுமத்ராவில் நிலம் அதிர்ந்ததே காலை ஆறரைக்குத்தான். அவர் மணலில் நின்றபோது கடலிடம் சொல்வதற்குச் சேதியே இல்லை. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் எத்தனை பேர் போனார்கள்! ஆவியோ அருளோ சொல்லித்தான் அவருக்குத் தெரிகிறது என்றால், இதைச் சொல்லாமல் இருந்திருக்குமா? பல வருசம் அவர் அதை நினைத்துத் தன்னையே நொந்துகொண்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியும்.

குறி சொல்லுகிற ஒருவரிடம் நீ போனதையும் எழுதியிருந்தாய், அம்மாவின் வலது கால் வலியைச் சரியாகச் சொன்னார் என்று. நூறு வருசத்துக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போட்டது, குளம்பால் தட்டி விடை சொல்லும். எஜமான் ஏமாற்றுக்காரர் இல்லை, மனசார நம்பினார். 1907-இல் ஓஸ்கார் பூங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் அதைச் சோதித்தார். கேட்கிற ஆளுக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை தன்னையறியாமல் ஒரு நூலளவு அசையும், குதிரை அதைப் படித்துத் தட்டுவதை நிறுத்தியது. இதில் பெரிய விசயம், உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் பூங்ஸ்டால் தன் அசைவை முழுசாக அடக்க முடியவில்லை. உன் முகமும் அங்கே பேசியிருக்கும். அடுத்த தடவை போனால், உனக்கே தெரியாத ஒன்றைக் கேட்டுப் பார்.

அப்புறம் அந்தக் கனவு. இதை எழுதக் கை தயங்குகிறது. ஞாயிறுதோறும் அம்மாவுக்கு போன் செய்வாய். கடைசி இரண்டு வாரம் அவர் "மக்களே" என்று கூப்பிட்டுவிட்டு ஒரு நிமிசம் மூச்சு வாங்கினார், நான் பக்கத்தில் இருந்தேன். உன்னிடம் இதை யாரும் சொல்லவில்லை, பயப்படுத்த வேண்டாம் என்று அம்மாதான் தடுத்தார். நீ அதைக் கேட்டிருக்கிறாய். காது வாங்கியது, மனசு அதை வைத்திருந்து கனவில் கொடுத்தது என்று நினைக்கிறேன். அப்படியானால் அம்மா மறைத்தும் அம்மாவே உனக்குச் சொல்லிவிட்டார்.

பெரியப்பாவுக்கு 81 முடிந்துவிட்டது. கண் மங்கிவிட்டது, ஆனாலும் கரைக்குப் போவதை விடவில்லை, நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். மே மாதம் லீவு கிடைத்தால் வா. அவரோடு மூன்று மணிக்கு ஈர மணலில் நிற்போம்.

உன் பழைய பெஞ்சுக்காரன்