கலங்கல் இருந்த மலை

ஃபோர்ட் வில்லியம், ஸ்காட்லாந்து
ஜூன் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். முழங்கால் வலி தேவலையா? அம்மா போனில் பாதியை மறைக்கிறாள், நீங்களே எழுதுங்கள்.

போன ஞாயிறு லீவு. கூட வேலை செய்கிற பையனின் காரில் க்ளென் ராய் போனோம். க்ளென் என்றால் இங்கே பள்ளத்தாக்கு. அதில் ஓடுகிற ராய் ஆறு நம்ம ஊர்க் கணக்கில் பெரிய வாய்க்கால்தான். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறம். கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி வேறு மொய்த்துப் பிடுங்குகிறது, நம்ம கொசு எவ்வளவோ மேல்.

இரண்டு பக்க மலையிலும் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி மூன்று கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஃபிங்கல் என்ற வீரன் வேட்டைக்குப் போட்ட பாதை என்று பழைய கதை. 1838-ல் டார்வின் வந்து பார்த்துவிட்டு, கடல் நின்ற கரை என்று எழுதினார். 1840-ல் வந்த அகாசி என்ற சுவிட்சர்லாந்துக்காரர், இல்லை, ஏரிக்கரை என்றார். டார்வின் பிற்பாடு தப்பை ஒத்துக்கொண்டார்.

ஏரி விஷயத்தை அவர் உங்களிடம் கேட்டிருக்கலாம். சுமார் 12,000 வருஷத்துக்கு முன்னால் பள்ளத்தாக்கின் வாயைப் பனியாறு வந்து அடைத்துக்கொண்டது. பனியே கரை. தண்ணீர் ஏறிக்கொண்டே போய் 350 மீட்டரில் நின்றது. ஏன் அங்கே? பள்ளத்தாக்கின் தலைப்பில் உள்ள கணவாய் அதே உயரம். நம்ம ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம் மாதிரி, அதுதான் கலங்கல்! அதைத் தாண்டிக் கிழக்கே ஸ்பே ஆற்றுப் பக்கம் வழிந்திருக்கிறது. இன்றைக்கு ஆறு தொடங்குகிற இடத்தில் அன்றைக்கு ஏரி வழிந்தது. 325, 260 மீட்டர் கோடுகளுக்கு வேறு வேறு கலங்கல். நம்ம ஏரி நிறைந்து நிற்கும்போது உள்கரையில் அலை அடித்து ஒரு தடம் விழுமே, நீங்கள் காட்டுவீர்களே, அதேதான். பனி உருகியதும் கரையே காணாமல் போய்விட்டது, தடம் மட்டும் நிற்கிறது.

கீழே வர வர ஆறு பாறையை அறுத்து ஒடுங்கிப் பாய்கிறது. ராய் பிரிட்ஜ் ஊரில் ஸ்பியன் ஆற்றோடு சேர்ந்து, அப்புறம் லாக்கி ஆறாகி, எங்கள் ஊரிலேயே கடலில் விழுகிறது. தினமும் பாலத்தில் தாண்டிப் போகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இத்தனை நாள் தெரியாது.

தம்பி போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். கோடு மங்கல்தான், பெரிசு பண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்வம்