சேகரின் கேள்விக்கு

அன்புள்ள சேகர்,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, ஆனால் குரல் மட்டும் இறங்கவில்லை. ரமணி மறுபடியும் வீடு மாற்றிவிட்டான், காரணம் உனக்கே தெரியும்.

இஸ்திரி வண்டி செல்வம் அண்ணன் போய்விட்டார்டா. மாரடைப்பு, 53 வயது. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அன்றிலிருந்து தினமும் விடியற்காலை பஸ் பிடித்துத் திருவான்மியூர் வந்துவிடுவார். அவர் வேட்டி தேய்த்துக் கொடுத்த ஆடிட்டர் மாமாவுக்கு 91. இன்றும் கடற்கரையில் நடக்கிறார்.

"ஏழைகள் முன்னைவிட நன்றாகத்தானே இருக்கிறார்கள், இடைவெளி இருந்தால் என்ன?" என்று போன தடவை கேட்டாய். அது மனதைவிட்டுப் போகவே இல்லை. லண்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் அதை வைத்து நிறைய எழுதியிருக்கிறார். அவர்களில் யாரும் பட்டினி இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, இலவச வைத்தியம். அப்படியும் பதவியில் கடைசிப் படியில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்த விகிதம் மேல்படியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சிகரெட், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. வறுமை மட்டும் ஆளைக் கொல்வதில்லை, சேகர். நாள் முழுக்க அடுத்தவர் சொல்படி நிற்பதும் கொல்கிறது.

உன் அமெரிக்காவையே பார். பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியின் குழு 2016-இல் வெளியிட்ட கணக்கில், வருமானத்தில் உச்சி 1 சதவீத ஆணுக்கும் அடி 1 சதவீத ஆணுக்கும் ஆயுளில் 14.6 வருட வித்தியாசம். அத்தனை செல்வம் இருந்தும்! கோஸ்டா ரிக்காவில் தலைக்கு வருமானம் உங்களதில் கால் பங்குகூட இல்லை, சராசரி ஆயுளோ உங்களைவிட அதிகம். அங்கேயும் வருமான இடைவெளி பெரியதுதான். ஆனால் 1940-களிலேயே சமூகக் காப்பீடு கொண்டுவந்தார்கள், 1948-இல் ராணுவத்தைக் கலைத்தார்கள், ஊர்தோறும் சுகாதார நிலையத்தைக் கொண்டுபோனார்கள்.

நம்மூரிலும் சத்துணவு, ரேஷன், பெண்களுக்கு இலவச பஸ் என்று நல்லது நடந்திருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்குப் பயம் வேறு இடத்தில். கையில் நாலு காசு சேர்ந்ததும் நாம் முதலில் விட்டு விலகுவது அரசுப் பள்ளியையும் அரசு ஆஸ்பத்திரியையும்தான். விலகிய பிறகு அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அதட்டிக் கேட்க ஆள் இல்லை. நீயும் நானும் கார்ப்பரேஷன் பள்ளியில் ஒரே பெஞ்ச். நம் பிள்ளைகள் அந்த வாசலைக்கூட மிதித்ததில்லை.

இதற்கு நீ பதில் எழுதியே ஆகவேண்டும். டிசம்பரில் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று தள்ளாதே. சுமதிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
முரளி