எட்மன்டனில் இருக்கும் மகளுக்கு, நிலம் உறைவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

வேலைக்குப் போய் வருகிறேன், லிஃப்டில் ஆட்கள் தலையை ஆட்டுகிறார்கள், ஆனால் ஒருவருடைய பெயரும் தெரியாது அம்மா என்று நேற்று போனில் சொன்னாய். இரவு முழுக்க எனக்கு அதே நினைவுதான். இங்கே டொரொன்டோவில், ஸ்காபரோவில் எனக்கும் முதல் நாலு வருஷம் அப்படித்தான் போனது. நீ அப்போது சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது.

எனக்கு ஆட்களைப் பழக்கியது தோட்டம். ஹைட்ரோ என்கிற மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே கிடந்த வெளியில் பாத்தி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா பெயர் கொடுத்தார். ஏப்ரல் கடைசியில் நாலு நாள் நல்ல வெயில். ஊர் நினைப்பில் கத்தரியும் மிளகாயும் நட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் காலை போனால் எல்லாம் கொதிநீர் ஊற்றியதுபோலக் கருகிச் சோர்ந்து கிடக்கிறது, உறைபனி. அழுகை வந்துவிட்டது. பக்கத்துப் பாத்தி ஜமேக்கா ஐயா வந்து, மே மாதம் விக்டோரியா தின விடுமுறை வரும்வரைக்கும் இந்த மண்ணை நம்பக்கூடாது என்று சொல்லி, ஒரு கடதாசியில் கொஞ்சம் விதை மடித்துத் தந்தார். கலலூ என்றார். முளைத்து வந்ததைப் பார்த்தால் நம்முடைய கீரை! அவர்களும் அதை வெங்காயம், மிளகாய் போட்டு வதக்கித்தான் சாப்பிடுகிறார்கள். நான் தேங்காய்ப் பால் விட்டுக் கடைந்து ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் நம் வீட்டுக்கு வராத தைப்பொங்கல் இல்லை.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நீள்துண்டாக ஒரு நிலம் இருந்ததே, கடை வண்டிலும் கோப்பிக் குவளையும் குவிந்து கிடக்குமே, அதைத் துப்புரவாக்கியதும் நாங்கள் தோட்டத்தில் பழகிய மூன்று குடும்பங்கள்தான். முதல் வருஷம் ரோசா வைத்தோம். மாரிகாலத்தில் பனியை உருக்க வீதிக்குப் போடும் உப்பு கரைந்து வழிந்து வேரில் இறங்கியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்புறம் உப்பைத் தாங்கும் டே லில்லியை வைத்தோம், அது இன்றைக்கும் நிற்கிறது. டியூலிப் கிழங்கை அணில் கிண்டித் தின்றுவிடும். டாஃபடிலை அது தொடாது, அதனால் அதுதான் இப்போது எங்கள் சித்திரை மாதப் பூ. குப்பை போடுவது முற்றாக நிற்கவில்லை, ஆனால் பஸ்சுக்கு நிற்கிறவர்கள் தாங்களே குனிந்து பொறுக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோபுரங்களுக்குக் கீழே இருந்த அந்த வெறும் புல்லையும் இப்போது மெடோவே என்று ரூஜ் பூங்கா வரைக்கும், 16 கிலோமீட்டருக்கு, காட்டுப்பூ வெளியாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். நீ வரும்போது நடந்துபோய்ப் பார்ப்போம்.

எட்மன்டன் இங்கேயைவிடக் குளிர், கோடையும் கட்டை. வெண்டி, பயற்றங்காய் என்று ஆசைப்படாதே, அதற்குக் கூடாரம் வேண்டும். ஆனால் ஜூனில் அங்கே பதினேழு மணித்தியாலம் பகல். கோவா, கரட், பீட்ரூட், பட்டாணி எல்லாம் அந்த வெளிச்சத்தில் மளமளவென்று வளரும். உங்கள் நகரத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் கம்யூனிட்டி லீக் என்று அங்கே இருக்கிறவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது, 1917இல் தொடங்கிய வழக்கம் அது. பனி சறுக்குகிற தளம், மண்டபம் எல்லாம் அவர்கள்தான் நடத்துகிறார்கள், பலரிடம் தோட்டமும் உண்டு. இந்தக் கிழமையே போய் அங்கத்தவராகு. மே மாதம் போய்க் கேட்டால் பெரும்பாலும் பாத்தி முடிந்திருக்கும். சும்மா கையை வீசிக்கொண்டு போகாமல், மாரிக்கு முன் தோட்டத்தை ஒதுக்குகிற வேலைக்குக் கூப்பிடுங்கள் என்று கேள். காய்ந்த செடி பிடுங்குவது, சருகு அள்ளுவது, குழாய் உறைந்து வெடிக்காமல் தண்ணீரை மூடுவது என்று இப்போது வேலைக்குத்தான் ஆள் தேவை. மண்ணில் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆளிடம் பெயர் கேட்பது சுலபம், லிஃப்டில் கேட்க எனக்கும் வாய் வராது.

இந்த மாதம் நடக்கூடியது உள்ளிப்பூண்டு. அதற்குக் குளிர் வேண்டும் மகள், குளிர் படாவிட்டால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக வந்துவிடும். நிலம் கல்லாகிறதுக்கு முன் பல்லைப் பல்லாகப் பிரித்து, கூர் மேலே இருக்க, ஒரு விரல் ஆழத்துக்கு ஊன்றி, மேலே வைக்கோலோ சருகோ ஒரு சாண் போட்டு மூடிவிடு. தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், போய்ப் பார்க்கவும் வேண்டாம். ஸ்னோ உருகும்போது பச்சை முனை தானாக எழும்பும், ஆகஸ்டில் பிடுங்கலாம். பாத்தி கிடைக்கும்வரைக்கும் உன் கட்டட வாசலில் அந்த வெறும் மூலை இருக்கிறதே, அதைத் தரச்சொல்லிப் பராமரிக்கிறவரிடம் கேட்டுப் பார்.

இங்கே கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்துவிட்டோம், உன் அறை யன்னலில்தான் நிற்கிறது. இன்று பார்சல் போட்டேன். பருத்தித்துறை வடைக்குக் கீழே கடதாசிப் பையில் எட்டு உள்ளி இருக்கும், எங்கள் பாத்தியில் விளைந்தது, கெட்டித் தண்டு இனம், உங்கள் குளிருக்குத் தாங்கும். அதைக் கறிக்குப் போட்டுவிடாதே, விதைக்கென்று எடுத்து வைத்தது.

அன்புடன்
அம்மா